ஒயரைப் பிடுங்கிய ஆடு

ஆடுதான் பிடுங்கியது மச்சான், நான் இல்லை. நீ போய்ச் சேர்ந்த பிறகும் இதையே சாதிக்கிறேன், பார். இன்று மோட்டார் கொட்டகையில் நீ செய்த பெட்டியைத் துடைக்கத் திறந்தேன். ஈயம் உருக்கிய அந்தப் பழைய வாசனை வந்தது. கூடவே நீயும் சண்டைக்கு வந்துவிட்டாய்.

என் தங்கையைக் கட்டிக்கொண்டு பட்டணத்தில் இருந்தவன், வேலை ஓய்ந்து மயிலாடுதுறைப் பக்கம் வந்தாய். கருவிகளைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் நிரலை சி என்ற கணினி மொழியில் எழுதுவதுதான் அங்கே உன் பிழைப்பு. என் நாற்றங்காலில் தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சாரை நட்டு, மோட்டாரை நடத்தும் இந்தப் பெட்டியோடு ஒயரால் இணைத்தாய். தண்ணீர் ஏறினால் மோட்டார் தானாக நிற்கும் என்றாய். எட்டாவதோடு நின்ற எனக்குக் கை சும்மா இருக்குமா? மோட்டார் ஓடும்போதே சென்சார் ஒயரைப் பிடுங்கினேன்; உடனே சொருகியும்விட்டேன். பெட்டி அப்படியே உறைந்துபோனது. மோட்டார் நிற்கவில்லை. விதைத்த நாற்றங்கால் மூழ்கியது.

"ஏதாச்சும் தொட்டியா?"

"நானா? அது பக்கமே போகலையே."

மூன்று நாள் நிரலை வரிவரியாகப் படித்தாய். சோறு இறங்கவில்லை. "மூளை மழுங்கிப்போச்சு மச்சான். இனிமே இதத் தொடவே கூடாது," என்றாய். நான் மெல்லக் கேட்டேன்.

"ஆடு கீடு ஒயர இழுத்திருக்குமோ?"

நிமிர்ந்து உட்கார்ந்தாய். சற்று நேரத்தில் தப்பு அகப்பட்டது. சென்சாரின் விவரங்களை வைக்க நிரல் பெட்டியின் நினைவகத்தில் ஓர் இடம் பிடிக்குமாம். ஒயர் கழன்றதும் அந்த இடத்தை விட்டுவிட்டது. ஆனால் நொடிக்கொருதரம் அங்கே போய்ப் பார்க்கும் டைமரை நிறுத்தவில்லை. அந்த டைமர், இல்லாத இடத்தில் போய் முட்டிக்கொண்டது; பெட்டியும் உறைந்தது.

"வீட்டக் காலி பண்ணிட்டு, பால்காரன்கிட்ட சொல்லாம வந்துட்ட மாதிரி," என்றேன்.

மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தாய். "அதேதான். முதல்ல பால நிறுத்தணும், அப்புறம் வீட்ட விடணும்." டைமரை நிறுத்தும் வரியை எழுதி, இடத்தை விடும் வரிக்கு மேலே வைத்தாய். இப்போதும் எதைக் கழற்றினாலும், இதைத் தேடி யார் வருவார் என்று ஒரு கணம் நிற்கிறேன்.

அன்றே உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "மச்சான், அந்த ஆடு..."

நீ டீக்கடைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாய். "பிடுங்குன ஒயரத் திருப்பிச் சொருகவும் தெரிஞ்ச ஆடு. அதுக்கு இன்னிக்கு டீ கிடையாது."

வரப்பில் இறங்கி நடந்தாய்.

"அது இல்ல மச்சான், நான் சொல்ல வந்தது..."

நீ பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாய்.