அத்தான் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்

மார்ச் 3, ஞாயிறு

ஆம்ப்ளிஃபையர் செய்கிறேன் என்று சாப்பாட்டு மேசையை நான் பிடித்துக்கொண்டு இன்றோடு நாலு மாதம். மனைவியும் மகளும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டார்கள். இன்று நாலாவது ஜோடி டிரான்சிஸ்டரும் புகைந்தது. ஒரு விநாடி நல்ல வெளிச்சம், பிறகு நாற்றம். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கையை நீட்டி ஜன்னலைத் திறந்தாள்.

கடையில் வாங்கியிருந்தால் ஒரே மணி நேரத்தில் பாட்டுக் கேட்டிருக்கலாம் என்கிறாள் மனைவி. உண்மைதான். ஆனால் கடை ஆம்ப்ளிஃபையரில் பாட்டு மட்டும்தான் கேட்கும். கையால் செய்ததில் — வேறென்ன கேட்கும் என்பது இன்னும் தெரியவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

பழைய புத்தகம் ஒன்றில் ஒரு வழி கிடைத்துவிட்டது. சுவர் பிளக்குக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் ஓர் அறுபது வாட் குண்டு பல்பைக் கோர்த்துவிட வேண்டுமாம். கரண்ட் பல்பு வழியாகப் போய்த்தான் ஆம்ப்புக்குள் நுழையும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து கரண்டைத் தடுத்துவிடும், டிரான்சிஸ்டர் பிழைக்கும். முதல் தடவை ஆன் செய்யும்போது மட்டும் போட்டால் போதும் என்று எழுதியிருந்தது.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. பலகையில் பெட்டி செய்து, ஹோல்டர் பதித்து, இரண்டு கோட் வார்னிஷ் அடித்து, மேசையோடு சேர்த்து ஸ்க்ரூ முடுக்கிவிட்டேன். மேசைக்கு ஓட்டை போட்டதை மனைவி இன்னும் பார்க்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

பாடியது! இரண்டு பக்கமும் பாடியது. புகை இல்லை. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்துடுச்சா?" என்றாள். நாலு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட மிக நல்ல கேள்வி.

அக்கா வழக்கமான ஞாயிற்றுக்கிழமை போனில் வந்தாள். ரிசீவரை ஸ்பீக்கர் பக்கம் பிடித்துக் காட்டினேன். ஆம்ப்புக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரைச் செம்புக் கம்பியில் சுற்றிக் கொடுத்தது அவள் வீட்டுக்காரர்தான். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அத்தானுக்கு வைண்டிங் கடை. இருபத்தாறு வருடமாக மோட்டார், ஃபேன், டிரான்ஸ்ஃபார்மர் என்று எது வந்தாலும் சுற்றுகிறார். "உங்க அத்தான் கேட்டா பூரிச்சுப் போவாருடா" என்றாள்.

ஒரு அழகைக் குறித்து வைக்க வேண்டும். பாட்டு ஓங்கும்போது பெட்டியில் இருக்கும் பல்பும் கூடவே மினுக்குகிறது. தாளம் தப்பாமல் மினுக்குகிறது.

மார்ச் 16, சனி

சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப் படுத்துக்கொள்கிறது. பாடகர் பாட்டின் உச்சிக்குப் போகிற நேரத்தில் கொட்டாவி விடுகிறார். மேளம் தலையணையைத் தட்டுவதுபோல் கேட்கிறது.

ஆம்ப்பின் போர்டில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். மெதுவாகப் பாடினால் முப்பத்தைந்து வோல்ட். கூட்டினால் இருபது. சுவர் பிளக்கில் அளந்தேன், வீட்டுக் கரண்ட் அசையாமல் நிற்கிறது. அப்படியென்றால் இடையில் யார்? யோசித்தேன். சுவருக்கும் என் போர்டுக்கும் இடையில் இருப்பது ஒன்றே ஒன்று. அத்தான் சுற்றியது.

மார்ச் 17, ஞாயிறு

விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் எனக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். யார் மேல் தவறு என்று எழுதுவதுதான் என் வேலை, இதுவரை ஒரு முடிவும் திரும்பி வந்ததில்லை. அதே பழக்கத்தில் இதையும் எழுதினேன். வீட்டு மின்சாரம்: குற்றமில்லை. போர்டு: என் கையால் செய்தது, குற்றமில்லை. மிச்சம்: டிரான்ஸ்ஃபார்மர். வயர் மெலிசாக இருந்தால்தான் வோல்ட் இப்படி விழும். தடிமனான வயர் என்று சொல்லி மெலிசானதைச் சுற்றியிருக்கிறார். சொந்தக்காரன்தானே, பிரித்தா பார்க்கப் போகிறான் என்ற நினைப்பு. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். அத்தானைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன். இப்போது எழுதும்போது சந்தேகமாக இருக்கிறது.

மார்ச் 23, சனி

போனேன். கேட்டேன்.

கடையில் மூன்று பேர் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசத்தான் நினைத்தேன், ஆனால் அத்தான் எல்லார் முன்னாலும், "என்ன மச்சான், எப்படிப் பாடுது?" என்று சிரித்த முகமாகக் கேட்டுவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பிவிட்டது. டிரான்ஸ்ஃபார்மரைப் பலகையில் வைத்து, "எத்தனை கிராம் காப்பர மிச்சம் புடிச்சீங்க அத்தான்?" என்றேன்.

அவர் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்தார், திருப்பினார், விளக்குப் பக்கம் காட்டிப் பார்த்தார். "வச்சுட்டுப் போ" என்றார். மோட்டார் கொண்டுவந்திருந்த ஒரு பெண்மணி அதைத் திரும்பத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

வெற்றி என்றுதான் எழுத வேண்டும். பேருந்தில் வரும்போது ஏனோ பசியே எடுக்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

அக்காவிடமிருந்து போன் வரவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

நகரின் மறுகோடியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் புது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி வாங்கினேன். எடை கூட. கனமே நியாயத்துக்குச் சாட்சி என்று சுமந்து வந்தேன்.

மாட்டினேன். கூட்டினேன். இருபது வோல்ட்.

ஆக, இவரும் திருடன். அத்தான் மட்டும் அல்ல, இந்த வைண்டிங் தொழிலே புரையோடிப் போய்விட்டது. மகளிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒரே அளவு திருடியிருக்காங்களாப்பா? சரியா இருபது வர்ற மாதிரி?" என்று கேட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் பேசத் தெரியவில்லை.

இந்த வாரமும் போன் இல்லை. நான் ஒன்றும் காத்திருக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அங்கே காற்று வருகிறது என்பதால்.

ஏப்ரல் 6, சனி

காலை. ஆம்ப் செத்துவிட்டது. சத்தம் குறைவதோ கொட்டாவியோ இல்லை — மூச்சே இல்லை. மூன்று ஃபியூஸ் மாற்றினேன். சுவிட்சைக் கழற்றினேன். இரண்டாவது திருடனின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டி, அவனுக்கு என்ன கடிதம் எழுதலாம் என்று வாசகம் யோசித்துக்கொண்டிருந்தேன். மனைவி தலை துவட்டியபடி வந்தாள்.

"அந்தக் குண்டு பல்பத் தேடுறீங்களா? பாத்ரூம் பல்பு போயிடுச்சு, அங்க போட்டிருக்கேன். சும்மாதானே எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு."

சிரிப்புத்தான் வந்தது. பல்பைக் கழற்றினால் ஆம்ப் எப்படிம்மா ஓடும், கரண்ட் முழுக்க அது வழியாகத்தானே போகிறது என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். கரண்ட் அதிகமாகக் கேட்டால் அது தடுக்கும் — அதுதான் அதன் வேலை — சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப் அதிகம் கேட்கும் — அப்போது —

அப்போது பல்பு எரியும். தாளம் தப்பாமல்.

நான் பேச்சை நிறுத்தியதை அவள் கவனிக்கவில்லை. நல்லவேளை.

அதே நாள், பத்து நிமிடம் கழித்து. பெட்டியை விட்டுவிட்டு நேராகச் சுவரில் சொருகினேன். மெதுவாகக் கூட்டினேன். முப்பத்தைந்து. இன்னும் கூட்டினேன். முப்பத்துநாலு. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. மேளம் நெஞ்சில் வந்து இடித்தது. மகள் ஓடி வந்து, "அப்பா, சூப்பர்ப்பா!" என்றாள். இதற்காகத்தான் ஐந்து மாதம் காத்திருந்தேன்.

அணைத்துவிட்டேன். தலைவலி என்று சொல்லிப் போய்ப் படுத்தேன். முதல் தடவை மட்டும் போட வேண்டிய பல்புக்கு வார்னிஷ் அடித்துப் பெட்டி செய்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மனைவி அக்கா வீட்டுக்குப் போய் வந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

நான் வைத்துவிட்டு வந்த டிரான்ஸ்ஃபார்மரை அத்தான் அன்றே அறுத்துப் பிரித்தாராம். ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து எண்ணினாராம். எல்லாம் சரி. வயர் தடிமனையும் அளந்தாராம், அதுவும் சரி. அத்தோடு விட்டிருக்கலாம். 'அப்போ எனக்குத் தெரியாத இடத்துல எங்கயோ தப்புப் பண்றேன்' என்று புது வேலை எதையும் கையில் வாங்காமல் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறார். அக்காவிடம் இரண்டு கையையும் நீட்டி, "நடுங்குதா பாரு" என்று கேட்டாராம்.

இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவர் என்னைத் திருப்பித் திட்டியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். என்ன மனுஷன்யா இவர்? என் பேச்சைப் போய் நம்பியிருக்கிறாரே!

ஏப்ரல் 9, செவ்வாய்

அலுவலகத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பதினெட்டு வருடப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. முதல் வரைவில் 'இரு தரப்பிலும் நேர்ந்த புரிதல் குறைவு' என்று வந்தது. கிழித்தேன். இரண்டாவதில் 'உபகரணம் ஒன்றின் காரணமாக' என்று வந்தது. மூன்றாவதை மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லா இருக்கு. இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்றாள்.

ஏப்ரல் 10, புதன்

மகளிடம் விஷயத்தைச் சொல்லி, அத்தானிடம் கடிதத்தை மட்டும் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். "திட்டினது நேர்ல, மன்னிப்பு மட்டும் பார்சலாப்பா?" என்றாள்.

இனிமேல் இந்த வீட்டில் எதையும் வாசித்துக் காட்டப் போவதில்லை.

ஏப்ரல் 13, சனி

மூன்று பேர் முன்னால் சொன்னதை மூன்று பேர் முன்னால்தான் திரும்பப் பெற வேண்டும். இதை நானே முடிவு செய்தேன். மனைவி அதையே நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம்.

கடை திறந்திருந்தது. மறுபடி வேலை எடுக்க ஆரம்பித்திருக்கிறார். கைச்சக்கரத்தைச் சுழற்றி வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார், உதடு எண்ணிக்கொண்டிருந்தது. சுற்றும்போது அவர் யாரோடும் பேச மாட்டார் என்பது அக்காவின் இருபத்தாறு வருடக் குறை. நின்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு பேர் ஸ்டூலில் காத்திருந்தார்கள். இதற்குமேல் நின்றால் கால் தானாகவே பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடும் என்று தோன்றியது. கண்ணை மூடாத குறையாகச் சொல்லிவிட்டேன். பல்பு, பெட்டி, வார்னிஷ், சுவரில் அளந்தது, இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர், அதைச் சுற்றியவரைத் திருடன் என்று எழுதியது, எல்லாம். உங்க கை மேல ஒரு தப்பும் இல்ல அத்தான், முழுத் தப்பும் என் மேலதான் என்றேன். ஸ்டூலில் இருந்தவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

அத்தான் சக்கரத்தை நிறுத்தினார். வயரில் ஒரு முடிச்சுப் போட்டார்.

"சுத்திக்கிட்டிருந்தேன் மச்சான். காதுல விழல. என்ன சொன்னே?"

இதற்குள் இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி, அன்றைக்கு மோட்டாரைப் பையில் திருப்பி வைத்துக்கொண்டு போன அதே பெண்மணி. எழுந்து நின்று மறுபடியும் சொன்னேன், முதலிலிருந்து. வார்னிஷ் இரண்டு கோட் என்பதுவரை சொன்னேன். பெட்டியைப் பற்றிச் சொன்ன இடத்தில் யாரோ சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். அந்தப் பெண்மணி பையிலிருந்து மோட்டாரை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"சரி, உக்காரு" என்றார் அத்தான். பிறகு போட்ட முடிச்சை அவிழ்த்து, அதுவரை சுற்றியதையெல்லாம் பிரிக்க ஆரம்பித்தார்.

"ஏன் அத்தான்? நல்லாத்தானே சுத்தியிருக்கு?"

"எண்ணிக்கை விட்டுப்போச்சு."

"எப்போ?"

"நீ மொத தடவ சொல்ல ஆரம்பிச்சப்பவே."

ஏப்ரல் 15, திங்கள்

அக்கா போன் செய்தாள். ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லையாம். நாற்பது நிமிடம் பேசினாள். முப்பத்தெட்டு நிமிடம் அத்தானைப் பற்றிக் குறை.