லாரிக்கு இடப்பக்கம் நிற்காதவள்

என் பிரியமான அண்ணிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் மகளின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். தெருவில் ஒரு வீட்டிலும் இன்னும் வாசல் தெளிக்கவில்லை. பின்சக்கரத்து வால்வைத் திருகியதும் உஸ்ஸென்று வந்த சத்தத்துக்கு அண்ணன் விழித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். விழித்திருந்தாலும் என்னைத் திட்டியிருக்க மாட்டார்.

தேன்மொழி பிளஸ் ஒன் படிக்கிறாள், அண்ணி. பள்ளியில் எல்லாப் பெண்களுக்கும் அரசாங்கம் சைக்கிள் கொடுத்தது. அன்றைக்கு மற்றப் பெண்கள் ஏறி மிதித்துக்கொண்டு போனார்கள். இவள் மட்டும் அப்பாவுக்குப் பயந்து வீடுவரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தாள். அண்ணன் அதைப் பார்த்தார், சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

பஸ்ஸிலேயே போகட்டும் என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் காலையில் வரும் டவுன் பஸ் கம்பெனி ஆட்களை அடைத்துக்கொண்டு, நிறுத்தத்தில் நிற்காமலே போய்விடுகிறது. பாதி நாள் முதல் வகுப்பு அவளுக்குக் கிடையாது. இந்த வாரம் அண்ணனுக்குக் காலை ஷிப்ட். அவர் கிளம்பிய பிறகு அவள் சைக்கிளை எடுக்க ஆரம்பித்தாள். நானும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

நேற்று யாரோ பார்த்துவிட்டு அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஊத்தங்கரைக்கு அனுப்பிடலாம் விஜயா. அவ பெரியம்மா வீட்ல இருந்து படிக்கட்டும். அங்க இவ்ளோ லாரி கெடையாது. திங்கக்கெழம நீ பள்ளிக்கூடம் போயி டி.சி. வாங்கிட்டு வந்துடு."

"அவள ஒரு வார்த்த கேக்க வேணாமாண்ணா?"

"அவங்கம்மா சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இப்ப இப்படி ஒக்காந்திருக்கன்."

அதற்கு மேல் நான் என்ன பேசுவது? கல்யாணம் ஆகாமல் அவர் வீட்டில் இருக்கிறவள். பள்ளிக்கூடம், ஆபீஸ் என்றால் படித்தவள் என்று என்னைத்தான் அனுப்புவார். மற்ற முடிவெல்லாம் அவருடையது. நீங்கள் இருந்தவரை எனக்காக நீங்கள் பேசுவீர்கள்.

நீங்கள் ஒயரிங் கம்பெனிக்குச் சைக்கிளில் கிளம்பும்போது இந்த வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஓரமா போ. அண்ணன் சொல்வார், நான் சொல்வேன், எதிர்வீட்டு அம்மா தெலுங்கில் சொல்வார். "ஓரமாத்தான் போறன். நடு ரோட்ல போறதுக்கு நான் என்ன கலெக்டரா?" என்று சிரித்துக்கொண்டே ஏறுவீர்கள். சிப்காட் சந்திப்பிலும் ஓரமாகத்தான் நின்றிருந்தீர்கள். லாரிக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில். பச்சை விழுந்ததும் லாரி இடது பக்கம் திரும்பியது.

ஆளே தெரியவில்லை என்று அந்த டிரைவர் சொன்னான். பொய் சொல்கிறான் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அண்ணன் இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார்.

இன்று தேன்மொழி குளித்துவிட்டு வந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"பஞ்சரா இருக்கும்" என்றேன்.

"பஞ்சருன்னா வால்வு கழண்டு தனியா கீழ கெடக்குமா அத்த?"

பக்கத்து வீட்டில் பம்பு வாங்கிக்கொண்டு வந்தாள். "பிடிங்க, ஆடுது" என்றாள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, அவள் காற்றடித்தாள். அண்ணி, நீங்கள் பார்த்திருந்தால் எங்கள் இருவரையும் வைத்து ஒரு மாதம் சிரித்திருப்பீர்கள்.

அவள் கிளம்பியதும் மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சர்வீஸ் ரோடு முடிகிற இடத்தில் கம்பெனி பஸ்கள் குறுக்கே வந்து என்னை மறித்துக்கொண்டன. இடுக்கு வழியாக அவளுடைய ரெட்டைச் சடையும் சந்திப்பும் தெரிந்தன. சந்திப்பில் சிவப்பு. முன்னால் ஒரு நீண்ட டிரெய்லர். அதன் இடது விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பழைய லாரிகளில் இடப்பக்கம் கிளீனர் உட்கார்ந்திருப்பான், கதவைத் தட்டி டிரைவருக்குச் சொல்வான். இதில் அந்த ஜன்னலில் யாரும் இல்லை.

டிரெய்லருக்கும் கல்லுக்கும் நடுவில் அதே இடைவெளி. ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதற்குள் சைக்கிளைச் செருகினார்கள். தேன்மொழி அந்த வரிசைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். "தேனு" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் உள்ளே போகவில்லை. டிரெய்லருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, பாதைக்கு நடுவில் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டாள். பின்னால் பெங்களூர் பஸ் ஹாரனை விடாமல் அழுத்தியது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "பக்கக்கெ ஹோகம்மா" என்று கத்தினார். அப்புறம் தமிழில், "ஏம்மா, ரோட்ட பட்டா போட்டு வாங்கிட்டியா? ஓரமாப் போ" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் தலை குனிந்திருந்தது. ஆனால் சைக்கிள் ஒரு சாண் நகரவில்லை. எனக்கு இறங்கி ஓட வேண்டும்போல் இருந்தது, நடுவில் நின்ற கம்பெனி பஸ்கள் வழிவிடவில்லை.

பச்சை விழுந்தது. டிரெய்லரின் முன்பக்கம் முதலில் வலது பக்கம் போவதுபோல் போனது, பிறகு இடது பக்கம் வளைந்தது. பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் போகவில்லை, அண்ணி. அவை மூலையைச் சுருக்கிக்கொண்டு, கல்லை உரசிக்கொண்டு வந்தன. அந்த இடைவெளியே இல்லாமல் போய்விட்டது. முன்னால் இருந்தவர்கள் எப்படியோ மிதித்துத் தப்பினார்கள். கடைசியாக நுழைந்தவர் சைக்கிளைப் போட்டுவிட்டு நடைபாதையில் ஏறிக் குதித்தார். அவருடைய சாப்பாட்டுத் தூக்கு ரோட்டில் உருண்டது. டிரெய்லர் நிற்கவே இல்லை. டிரைவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

உண்மையாகவே தெரியவில்லை. அதை உங்களுக்கு எழுதத்தான் இவ்வளவு நேரம் கை தயங்கியது. அன்றைக்கும் அவனுக்குத் தெரியாமலேயே இருந்திருக்குமோ? அப்படியென்றால் இத்தனை வருடம் நாங்கள் யாரை வெறுத்தோம்?

தேன்மொழி டிரெய்லர் முழுதும் திரும்பி முடிக்கும்வரை நின்றாள். பிறகு நேராகப் போனாள். பள்ளிக்கூட வாசலில் அவளைப் பிடித்தேன்.

"உனக்கு யாருடி இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. நிக்காத பஸ்ஸுக்காக அந்த சிக்னல் பக்கத்து ஸ்டாப்புலதான தெனமும் நிக்கறன். லாரிங்க எப்படித் திரும்புதுன்னு பாத்துக்கிட்டே இருப்பன்." சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டே, "கண்ணாடில டிரைவர் மொகம் நமக்குத் தெரியலன்னா, அவருக்கும் நாம தெரிய மாட்டோம் அத்த. தெரியாத எடத்துல நான் நிக்க மாட்டன்" என்றாள்.

"அந்த கண்டக்டர் திட்டினாரே?"

"திட்டட்டும். எறங்கி வந்து இடிக்கவா போறாரு?" என்று சிரித்தாள்.

பேசியது அவள். சிரித்தது நீங்கள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கும் அவள் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அண்ணனுக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இந்த ரோட்டை வருடக்கணக்காகப் பார்த்துக் கற்றதை அவள் ஊத்தங்கரைக்கு எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வாள்? அங்கேயும் ரோடு இருக்கிறது, லாரி இருக்கிறது. இங்கே அவளுடைய பள்ளிக்கூடம் இருக்கிறது, தோழிகள் இருக்கிறார்கள். நான் இருக்கிறேன்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். திங்கட்கிழமை நான் டி.சி. வாங்கப் போக மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் இருப்பார். அவர் எதிரே உட்கார்ந்து அதைச் சொல்வேன். என் குரல் நடுங்கினாலும், அவர் எழுந்து போனாலும், சொல்லி முடித்துவிடுவேன். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் மகளை உங்களைப்போலவே நேசிக்கும்
உங்கள் நாத்தனார்,
விஜயா