பறக்கிற வீரனுக்கு ஊதா அங்கி

என்னங்க,

அந்த ஊர் ஆபீஸ்லேர்ந்து நீங்க வரைஞ்சு அனுப்பின காமிக்ஸ் பக்கங்கள் வந்து சேர்ந்துச்சு. வழக்கம்போல வசனம் எழுதிட்டேன். இங்க எல்லாரும் நலம்.

ஒண்ணு கேக்கணும். நம்ம பறக்கிற வீரனோட அங்கி ஏன் திடீர்னு ஊதாவாச்சு? அச்சுல நீலம் மங்குதுன்னு சீட்டு எழுதி வெச்சிருக்கீங்க. என் காதுல பூ சுத்தாதீங்க. கண் முன்னாடி இல்லாத நிறத்தை நீங்க கலந்ததே கிடையாது. முதல் இதழ்ல அவனுக்குப் பச்சை. நான் உங்களை முதன்முதலா பார்க்க வந்தப்போ போட்டிருந்த அதே பச்சை. பாப்பா பிறந்ததும் அவ போர்வை மாதிரி மஞ்சளாச்சு. இந்த வீட்டுக்கு வந்ததும் நீலம், நம்ம வாசக்கதவு நிறம். அப்பல்லாம் ஊருக்கு அச்சு மேல பழியைப் போட்டுட்டு, எனக்கு மட்டும் நிஜத்தைச் சொல்லிச் சிரிப்பீங்க. இந்தத் தடவை எனக்கும் அச்சுக் கதைதானா?

நேத்து பாப்பாவும் நானும் வீடு முழுக்கத் தேடினோம். ஊதாவுல ஒரு பொத்தான்கூட இல்லை.

"அப்பா ஆபீஸ்ல இருக்கும்மா"ன்னா பாப்பா.

இருக்கும்.

கடைசிப் படத்துல வீரன் யாரையோ பார்த்துச் சிரிக்கிறான். எதிர்ல நிக்கிறது யாருன்னு நீங்க வரையலை. அவன் பேசுற அந்த ஒரு இடத்தை மட்டும் காலியா விட்டு அனுப்புறேன். என்ன சொல்றான்னு நீங்களே எழுதிக்கோங்க.

இப்படிக்கு,
இன்னும் மங்காத பச்சை