தண்ணீர் மறித்தும் சாகாத கோரை

786

கல்முனைக்குடி
19.8.1957

அன்பு மகன் மசூருக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்புக்கும் ஈமானுக்கும் ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காப்பானாக. நானும் தங்கச்சி ஜெமீலாவும் சுகமாக இருக்கிறோம். வாப்பாவின் சுகத்தை ஒரு வரியில் எழுத முடியவில்லை, அதனால்தான் உன் கடிதத்துக்குப் பதில் இரண்டு மாதம் பிந்திப்போனது. பயப்படாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து கடைசி வரை வாசி.

நீ லண்டனில் வேலை பழகும் ஆய்வுகூடத்தில் என்ன செய்கிறார்கள் என்று ஐந்து பக்கத்தில் எழுதியிருந்தாயே, அதை வழக்கம்போல முன் மண்டபத்தில் வைத்து எல்லாருக்கும் வாசித்தேன், லண்டன் கடிதம் என்றால் தெருவே வந்து உட்காருவது உனக்குத் தெரியும். நீ எலிகளுக்குத் தீன் போடுவதைக் கேட்டு முகைதீன்பாவா காக்கா, "இஞ்ச எலியக் கண்டா கட்டில்ல ஏறுறவன், அங்க போய் எலிக்கி சோறு குடுக்கானா" என்று சொல்ல ஒரே சிரிப்பு. பிறகு அந்தப் புரொஸ்டேட் சுரப்பியைப் பற்றியும் வயதான ஆண்களுக்கு அதில் வரும் புற்றுநோயின் அடையாளங்களைப் பற்றியும் நீ எழுதியிருந்த பக்கம் வந்தது. அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் அதை நான் எப்படி வாசிப்பேன், ஏதோ வயிற்றுக் கோளாறு பற்றி எழுதியிருக்கிறான் என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டி உன் குளிர்ச்சட்டைக் கதைக்குப் போய்விட்டேன். மறுநாள் ஜெமீலா பள்ளிக்கூடம் போன பிறகு வாப்பா வந்து, "புள்ள, நேத்து முழுங்கின பக்கத்த எடுத்து வாசி" என்றார். அடிக்கடி எழும்பிப் போவது, போனாலும் சொட்டுச் சொட்டாய் வருவது, இடுப்பெலும்பு குடைவது என்று ஒவ்வொன்றாய் வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறியது. "இவன் லண்டன்ல இருந்துக்கிட்டு என்னப் பத்தி எப்பிடி எழுதினான்" என்று கேட்டார் மகன், பிறகுதான் மறைத்து வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாய் வெளியே வந்தது.

ஏழெட்டு மாதமாய் வாப்பா ஜும்ஆவுக்குக் கடைசி வரிசையில் நின்றதும் பிறகு ஐந்து வக்தும் வீட்டிலேயே தொழுததும் பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார்மாரோடு ஏதோ கோபம் என்றுதான் ஊர் நினைத்தது, நானும் நினைத்தேன். வயல்களுக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டுத் திறக்கிற வட்டைவிதானை அல்லவா, "விதானையார் பள்ளிக்கும் வாய்க்கால மறிச்சிட்டார்" என்று தேத்தண்ணிக் கடையில் பகிடி நடந்ததாம். உண்மை என்னவென்றால் சிறுநீர் சொட்டி, தொழுகைக்குக் கைகால் கழுவிச் செய்த வுளு முறிந்துபோகும் என்ற பயம். வுளு நிற்கட்டும் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, விடிய எழும்பிக் குடிக்கிற தேத்தண்ணியையும் விட்டு, உதடு வெடித்துத் திரிந்திருக்கிறார். இதை வாய்விட்டுச் சொல்வதைவிடக் கோபக்காரன் என்று பெயரெடுப்பது அவருக்கு லேசாக இருந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்த எனக்கும் தெரியவில்லையே என்பதுதான் இன்னும் என்னை அரிக்கிறது. இப்படி இருப்பவர்கள் வக்துக்கு வக்து புதிதாய் வுளுச் செய்து தொழுதால் போதும் என்று பள்ளி லெப்பை ஒரே சொல்லில் தீர்த்துவைத்தார், கேட்க ஆளில்லாமல்தான் எட்டு மாதம் போயிருக்கிறது.

அந்தக் கிழமையே பஸ்ஸில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் தங்கரத்தினம் விரலால் சோதித்துவிட்டுக் கட்டி கல்லுப்போல இருக்கிறது என்றார். இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் தொடங்கியதும், அசிட் பொஸ்பற்றேஸ் பார்க்கவா டொக்டர் என்று கேட்டுவிட்டேன், மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நீ எழுதிய அதே சோதனைதான், அளவு கூடித்தான் வந்தது. ஒப்பரேசன் என்ற பேச்சை வாப்பா எடுக்கவே விடவில்லை, அதனால் குளிசை கொடுத்தார்கள். ஆண் ஓமோனைத் தின்று வளருகிற கட்டிக்கு அது கிடைக்காமல் செய்யப் பெண் ஓமோனைப் போல ஒன்றைச் செயற்கையாய்ச் செய்திருக்கிறார்கள், அதுதான் இந்தக் குளிசை என்று டொக்டர் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார். நான் வாப்பாவிடம் சொல்லவில்லை. அவர் அதை உன் ஆய்வுகூடத்தில் செய்தது என்று நினைத்து, மகன்ட குளிசை மகன்ட குளிசை என்று பிஸ்மி சொல்லி விழுங்கினார், நானும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது என் பிழை.

ஒரு மாதத்தில் இடுப்பு நோவு போய்விட்டது, சிறுநீரும் தடையில்லாமல் போகத் தொடங்கியது, பள்ளிக்கும் போனார். நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் வெறும் மேலோடு வாய்க்கால் கட்டில் நிற்கிற மனிதர் வெயிலிலும் பெனியனைக் கழற்றாமல் திரிவதைக் கண்டேன். நெஞ்சு இரண்டு பக்கமும் வீங்கித் தொட்டால் வலிக்கிறதாம். நாலு நாள் குளிசையை விழுங்காமல் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார், கேட்டதற்கு, "மகன்ட குளிசை என்னப் பொம்புளையாக்குது புள்ள" என்றார். இனி மறைக்க என்ன இருக்கிறது, இது மசூர் செய்ததல்ல, குளிசைக்குள் இருப்பது இன்னது, வீக்கம் ஏன் வருகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். தலையணைக்குக் கீழே கிடந்த குளிசைகளை எடுத்து எண்ணினார். பிறகு, "கலியாணம் முடிச்சி உண்ட ஊட்டுக்கு வந்து இருபத்தொரு வருசமா பொண்டாட்டிட சொல்லுக்குள்ளதான் இரிக்கன், இப்ப குளிசையாவும் வந்திட்டியா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனாலும் அன்று அவர் குளிசை எடுக்கவில்லை.

அடுத்த நாள் வயலால் வந்தவர் மண்ணோடு ஒரு கோரைக் கிழங்கை மேசையில் வைத்தார். "வாய்க்கால மறிச்சா நெல்லு வாடும், புல்லும் வாடும். கோரை மேலால காஞ்சி அடியில கிழங்காக் கிடக்கும், பிறகு தண்ணி இல்லாமலே முளைக்கும். மகன்ட எலிகள்ள அப்பிடிக் கோரை இரிக்கா எண்டு கேளு" என்றார். நான் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஓமோனை மறித்ததும் எலிகளின் கட்டி சுருங்கியது என்று எழுதியிருக்கிறாய், அதற்குப் பிறகு அந்த எலிகளுக்கு என்ன நடந்தது என்று எழுதவில்லை. உனக்கே தெரியாததால் விட்டாயா, தெரிந்தும் எழுதாமல் விட்டாயா மகன்? கட்டி திரும்ப வந்தால் அது ஓமோன் இல்லாமல் வேறு எதைத் தின்று வளருகிறது? சில எலிகளில் மட்டும் வருமா, எல்லாவற்றிலுமா? அந்தக் கிழங்கையே தோண்டி எடுக்கிற மருந்து ஒன்றை அங்கே யாராவது தேடுகிறார்களா? ஆண் எலிக்கும் நெஞ்சு வீங்குமா, வீங்காமல் வேறு வழி உண்டா? நான் படித்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடற்றொழில் புத்தகத்தின் இந்தப் பக்கங்களை எங்கள் ஆசிரியை பசை போட்டு ஒட்டித்தான் கையில் தந்தார், அதனால் இந்த வயதில் உன்னைத்தான் கேட்கிறேன், வெட்கப்படாமல் படம் கீறி எழுது.

கிழங்கு கொண்டுவந்த அன்றிலிருந்து வாப்பா திரும்பக் குளிசை எடுக்கிறார். "மகன்ட மறுமொழி வாறமட்டும் குடிக்கன், பிறகு முடிவ நான் எடுப்பன்" என்பதுதான் பேச்சு. ஆகவே உன் கடிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லாம் சுகமாகிவிடும் என்று மட்டும் எழுதிவிடு என்று கேட்கத்தான் முதலில் நினைத்தேன், கேட்கமாட்டேன். தெரிந்ததைத் தெரிந்த மாதிரியும் தெரியாததைத் தெரியாது என்றும் எழுது. ஆனால் வாப்பாவுக்கான மறுமொழியை எனக்கு எழுதும் கடிதத்தில் வைக்காதே, அவர் பெயருக்கு வேறு உறையில் அனுப்பு, தமிழை அறபெழுத்தில் எழுத ஓதப்பள்ளியில் பழகினாயே, அந்த எழுத்தில் எழுது, அவருக்கு அது வாசிக்க வரும். நான் வாசித்துக் காட்டுகிறேனே என்று சொன்னதற்கு, "நீ வாசிச்சா நான் எழுத்தக் கேக்க மாட்டன், உண்ட முகத்தத்தான் பாப்பன். மகன்ட கடிதத்த என்னயே வாசிக்க உடு" என்றார்.

உன் கல்வியில் அல்லாஹ் பறக்கத் செய்வானாக, உன் கையால் பலருக்கு சுகம் கிடைக்கட்டும், ஐந்து வக்து துஆவிலும் நீ இருக்கிறாய். குளிரில் தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. என் கேள்விகளுக்கு என் பெயருக்கு வேறாகப் பதில் எழுது, வாப்பாவின் உறை என் உறைக்கு முன்னால் வந்து சேர்ந்தாலும் நான் அதைத் திறக்கமாட்டேன் மகன்.

இப்படிக்கு
உன் உம்மா
முனவ்வறா