தெரியாது என்று சொன்ன மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம். நீ அகழாய்வு முகாமில் வெயிலில் காய்ந்து கருத்துப் போனாலும் பரவாயில்லை, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருந்தால் போதும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். அங்கே போன் எடுக்காது என்று சொல்லிவிட்டுப் போனாயே, நம் தெரு எலும்பு விஷயம் என்ன ஆனதோ என்று தவித்துக்கொண்டிருப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் மண்டையோடு தெரிந்ததும், நீ முகாமுக்குக் கிளம்பும் முன்பே, உனக்குப் போட்டோ அனுப்பினேன் அல்லவா, அதற்குள் இங்கே தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். பள்ளம் இருப்பது முடிதிருத்தும் அண்ணன் கடை வாசலில், அவர் தம்பியோ சண்டை போட்டுக்கொண்டு போய் வருஷக்கணக்கில் ஆளைக் காணோம், பிறகு கேட்க வேண்டுமா. மாடிவீட்டுக்காரர் "அன்னைக்கே எனக்குச் சத்தம் கேட்டுச்சு" என்றார், அந்த வருஷம் அவர் இந்தத் தெருவுக்கே குடிவரவில்லை! போலீஸ் வந்து அண்ணனைக் கூட்டிப்போய் விசாரித்து அனுப்பியது. மறுநாளிலிருந்து கடையில் ஈ, காக்கா இல்லை.

அதனால்தான் உன்னிடம் கெஞ்சினேன், பழைய எலும்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லு, மானிடவியலும் தொல்லியலும் படிக்கிற பிள்ளை சொன்னால் நாலு பேர் வாயை அடைக்கலாம் என்று. நீயோ, "போட்டோவைப் பாத்துச் சொல்ல எனக்குத் தெரியாதும்மா, யாரையும் மண்ணைக் கிளற விடாதீங்க, மூடி வைங்க, எங்க பேராசிரியர்கிட்டச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாய். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இருந்தாலும் தைக்க வந்திருந்த பள்ளிக்கூடத் திரைத்துணியைக் கொண்டுபோய், காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் நீ சொன்னதை ஒப்பித்தேன். "உங்க பொண்ணு டாக்டரா?" என்றார். இல்லை, காலேஜில் ரெண்டாம் வருஷம் என்றேன். சிரித்தார், ஆனாலும் துணியைப் போர்த்திச் சுற்றிக் கயிறு கட்டினார்.

நீ தெரியாது என்று சொன்னதை அண்ணனிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். மனுஷர் சீப்பைத் துடைத்து வைத்தார். பிறகு, "இந்தத் தெருவுக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கு, தெரியாதுன்னு சொன்ன ஒரே ஆள் உங்க பொண்ணுதான்" என்றார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்புறம் உன் பேராசிரியர் அனுப்பிய எலும்பு ஆராய்ச்சி அம்மா வந்தார். பள்ளத்தில் மண்டியிட்டுத் தூரிகையால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார், தெருவே எட்டிப் பார்த்தபடி நின்றது. இடுப்பெலும்பைக் காட்டி, "இவங்க பொம்பளை, யாரும் கொன்னு போடல, முறையா அடக்கம் பண்ணியிருக்காங்க, காலடியில பானை வெச்சிருக்காங்க பாருங்க" என்றார். பல நூறு வருஷம் இருக்குமாம், சரியாக எத்தனை என்பது சோதனைக்குப் பிறகுதானாம். தோண்டி எடுத்து அள்ளிப் போட்டிருந்தால் பானை ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம் போயிருக்கும், இவ்வளவு சொல்லியிருக்க முடியாது, யார் மூடி வைத்தது என்று கேட்டார். என் மகள் சொல்லி நான் செய்தேன் என்றேன். இவ்வளவு கூட்டத்தில் நான் அப்படி நிமிர்ந்து நின்றது என் கல்யாணத்தில்கூட இல்லை.

எல்லோரும் அண்ணன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்கள். அவர் காதில் அது எதுவும் விழவில்லை. பள்ளத்தையே பார்த்துக்கொண்டு, "அப்ப இது அவன் இல்ல, எங்கயோ இருக்கான்" என்று சொல்லி, நடுத்தெருவில் குலுங்கிக் குலுங்கி அழுதார். எங்கள் எல்லோரையும் விட அவர்தான் அதிகம் பயந்திருக்கிறார், அது நமக்குத் தெரியவே இல்லை பார்.

அப்பா தன் வேனில் ஏறுகிற பிள்ளைகளிடமெல்லாம் உன் கதையைச் சொல்லி முடித்தாயிற்று. இந்தப் படிப்பு எதற்கு என்று முகம் சுளித்த அத்தை, தான் சொல்லித்தான் உன்னைச் சேர்த்தோம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள், சொல்லட்டும்.

தொப்பி போடாமல் நிற்காதே, செருப்பை உதறிவிட்டுப் போடு, வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்க மறக்காதே. நீ தொடுகிற மண்ணெல்லாம் உன்னிடம் வாய் திறந்து பேசட்டும் தாயே, அதைப் பொறுமையாகக் கேட்கிற மனசும் உனக்கு நிலைக்கட்டும்.

உன்னைப் பெற்ற பெருமையில்,
அம்மா