பரமக்குடிக் கல்யாண வாசலில் நின்ற கார்

786
தேவிபட்டினம்
14-2-1958

கொழும்பில் இருக்கும் அருமை மகன் சுஐபுக்கு, வாப்பா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சி ஜுனைதாவும் அல்லாஹ்வின் கிருபையால் இருக்கிறோம், உன் உடம்புக்காகத் தொழுகைதோறும் துஆ கேட்கிறோம். ஜுனைதாவுக்கு இருமல் இப்போது தேவலை. வாடைக் காற்று ஓயவில்லை, மீன் வரத்து இல்லை, கருவாட்டை வைத்து ஓட்டுகிறோம்.

சங்கதி என்னவென்றால், முந்தாநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். கொழும்புக் கடையில் அவர் தம்பி உன்னை டிரைவிங் லைசென்ஸ் எடுக்கச் சொன்னதாகவும், நீயோ, எனக்கு வண்டி வராது என்று சொல்லிவிட்டதாகவும், இந்த மாதத்துக்குள் எடுக்காவிட்டால் உன்னை ஊருக்கே அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னார். ஏலே அலியாரு, டிரைவர் மகனுக்கு வண்டி வராதா, புத்தி சொல்லி எழுதுலே என்றார். சரி என்று வந்துவிட்டேன். ஒன்பது வயதில் என் மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடித்தவன் நீ. வண்டி உனக்கு நன்றாகவே வரும்.

ஏன் மாட்டேன் என்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். பரமக்குடியில் முதலாளியின் சொந்தக்காரர் கல்யாணத்தன்று நீ பஸ் ஏறி வந்து, உம்மாவுக்கு ரொம்ப முடியலை வாப்பா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், வாங்க என்று நின்றாய். உனக்கு அப்போது பதினோரு வயது. நான் ஓட்டி வந்த முதலாளி காரில் பெட்ரோல் இருந்தது, சாவி என் கையில் இருந்தது. உள்ளே விருந்து நடக்கிறது, முதலாளி சாப்பிட்டு எழுந்து வரட்டும், கேட்கலாம் என்று உன்னை முன் சீட்டில் உட்கார வைத்தேன். சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்குத்தான் அவர் கிளம்பினார். பையன் எதுக்கு வந்தான்லே என்று அவரே கேட்டார், சும்மா வந்தான் என்றேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய். வீடு வந்தபோது உம்மா உயிர் போய், மௌத்தாகி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கேட்டிருந்தா விட்டிருப்பேனேலே என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். விட்டிருப்பார்தான். அதை நினைத்து அழுகை வந்தால்கூடத் தேவலை, இந்த ஒன்பது வருஷமாக மனசு மரத்துப்போய்க் கிடக்கிறது.

நேற்றுக் காலை முதலாளியிடம் போய், என் மகன் லைசென்ஸ் எடுக்க மாட்டான் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது பயமும் வரவில்லை, ரோஷமும் வரவில்லை. உன்னை ஊருக்கு அனுப்பினால் வந்துவிடு, கஞ்சியோ கூழோ சேர்ந்து குடிப்போம். தொழுகையை விடாதே, வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளி. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல துணையும் தரட்டும். மறக்காமல் ஒன்று செய். வண்டி வராது என்று இனிப் பொய் சொல்லாதே. ஏன் எடுக்கவில்லை என்று யார் கேட்டாலும், என் வாப்பா அன்றைக்கு வாய் திறந்து காரைக் கேட்கவில்லை, அதனால்தான் என்று சொல்.

இப்படிக்கு,
உன் வாப்பா
அலியார்