வட்டச் செயலாளரின் முகம் கிழிக்கப்பட்ட வகையில்

அனுப்புநர்
ரூபீனா,
க/பெ. ஷரஃபுதீன்,
செருப்புக் குடோன் மேல்மாடி,
பள்ளிவாசல் பின்சந்து,
ராயப்பேட்டை, சென்னை.

பெறுநர்
மண்டல அலுவலர் அவர்கள்,
மாநகராட்சி மண்டல அலுவலகம்,
சென்னை.

பொருள்: பக்கத்துக் கட்டட மாடியிலுள்ள பிறந்தநாள் பேனரைப் புயலுக்கு முன், இன்று மாலைக்குள் இறக்கக் கோருதல் – அதைக் கிழித்த என் கணவரின் மண்டை உடைக்கப்பட்டது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இன்றிரவு புயல் கரையைக் கடக்கும் என்று காலையிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். அந்த அவசரத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. எங்கள் வீடு குடோனின் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. ஆபரேஷனில் பிரசவமான என் மகள் சிம்ராவும் அவள் பெண் குழந்தையும் அதில் படுத்திருக்கிறார்கள். இன்னும் நாற்பது நாள் கழியவில்லை. தையலில் சீழ் வைத்துவிட்டதால் படி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கீழே குடோன் பூட்டிக் கிடக்கிறது. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். முகாமுக்குப் போங்கள் என்று சொல்வது சுலபம், அவளைத் தூக்கிக்கொண்டு போக வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளை இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

2. மைக்கில் சொன்ன முன்னேற்பாடு எதையும் நாங்கள் விடவில்லை. குடம், பக்கெட், குக்கர் வரை தண்ணீர் பிடித்து வைத்தோம். மெழுகுவர்த்தி, ரஸ்க், பால் பவுடர் வாங்கினோம். கூரைமேல் மணல் மூட்டை அடுக்கி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். ஆனால் பக்கத்து மாடியில் மூன்று ஆள் உயரத்துக்கு இரும்புச் சட்டமும் சவுக்குக் கட்டையுமாக நிற்கும் பேனரை நாங்கள் எதைக் கொண்டு கட்டுவது? ஒவ்வொரு காற்றுக்கும் அது எங்கள் கூரைப் பக்கம் சாய்ந்து, கிறீச்சிட்டு நிமிர்கிறது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் மகள் குழந்தையைத் தன் உடம்புக்கு அடியில் இழுத்துக்கொள்கிறாள்.

3. அந்தப் பேனர் கட்சித் தலைவருக்கு நாளை வரும் பிறந்தநாளுக்காக வட்டச் செயலாளர் கோதண்டபாணி வைத்தது. கழற்றச் சொல்லி என் கணவர் போய்க் கேட்டார். பிறந்தநாள் முடியட்டும் என்றார்கள். புயலுக்கு அது தெரியுமா ஐயா? நேற்று மாலை என் கணவரே கத்தியோடு ஏறி, காற்று புகுந்து போகட்டும் என்று பேனரைக் கிழித்தார். தலைவர் முகத்தில் கத்தி பட்டால் வம்பு என்று பயந்து, மரியாதையாக அதைச் சுற்றி விட்டுவிட்டு, கீழே வரிசையாக இருந்த சின்ன முகங்களை மட்டும் கிழித்தார். அங்கேதான் மோசம் போனார். தலைவர் எங்கள் சந்துக்கு வந்து பார்க்கப் போவதில்லை. கீழே இருப்பவர்களோ தங்கள் முகத்தை நாலு பேர் பார்க்கவேண்டும் என்பதற்காகவே பேனர் வைத்தவர்கள்.

4. சற்று நேரத்தில் கோதண்டபாணி ஆட்களோடு எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். "தலைவர் மூஞ்ச வுட்டுட்டு என் மூஞ்சிய மட்டும் கிழிச்சிக்கீறியா? இன்னா தில்லு உனுக்கு?" என்று கேட்டார். "காத்து போறதுக்குத்தான் நைனா, உள்ள பச்சக் கொழந்த கீது" என்று என் கணவர் கைகூப்பிச் சொன்னார். கூப்பிய கையிலேயே சவுக்குக் கட்டையால் அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் அறைக்குள் எனக்குக் கேட்டது. அடுத்த அடி தலையில். விழுந்தவரைக் காலால் மிதித்தார்கள். தடுக்கப் போன என்னைத் தலைமுடியைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியில் மோதினார்கள், என் முன்பல் போயிற்று. மகள் தையலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று கத்தினாள். எதிர் மாடிகளில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். போகும்போது மணல் மூட்டைகளையும் கத்தியால் கிழித்துவிட்டுப் போனார்கள்.

5. இன்று விடிந்ததும் அதே சட்டத்தில் புதுப் பேனர் ஏறிவிட்டது. பழையது கிழிந்து தொங்குவதால் அதன்மேலேயே இரட்டையாகப் போர்த்தி, ஓர் ஓட்டை இல்லாமல் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கோதண்டபாணியின் முகம் இப்போது முன்பைவிடப் பெரிது. காற்று மொத்தமும் அந்த முகத்தில்தான் மோதுகிறது. நான் இதை எழுதும்போதே சட்டத்தின் ஒரு கால் சிமெண்ட்டைப் பெயர்த்துக்கொண்டு மேலே எழும்பிவிட்டது.

6. அடித்தவர்கள் மேல் காவல்துறை நடவடிக்கைக்குத் தாங்கள் பரிந்துரைக்கவேண்டும். அது நாளைக்கு நடந்தாலும் போதும். பேனரை இன்றே இறக்க ஆட்களை அனுப்புங்கள். அதைத் தொடத் தங்களுக்கும் தயக்கம் இருக்குமானால், என் மகளையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போக நாலு பேரையாவது அனுப்புங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மாலைத் தொழுகை வரை காத்திருப்பேன். அதற்குள் யாரும் வராவிட்டால் நானே ஏறிக் கிழிப்பேன். இந்த முறை பெரிய முகம், சின்ன முகம் என்று பார்க்கமாட்டேன். பிறகு என்மேல் வழக்குப் போட வேண்டிவந்தால், ஒப்புதல் வாக்குமூலத்திற்கு அலைய வேண்டாம். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இடம்: ராயப்பேட்டை
நாள்: டிசம்பர் 11, வியாழன், பகல்

இப்படிக்கு,
ரூபீனா